ஹைகோர்ட் வளாகத்தில் நிற்கும் ஒற்றைத் தூண்

4 ஜனவரி 2024. ஒரு வாசகர் கேட்டது:

சென்னை ஹைகோர்ட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். வளாகத்துக்குள் உயரமாக ஒரு கல்தூண் தனியாக நிற்கிறது. என் கூட வந்த வக்கீல் குமாஸ்தா அது யாரோ வெள்ளைக்காரன் சமாதி என்றார். என் அம்மா வெற்றித்தூண் என்கிறார். எது சரி? அப்படியே இன்னொன்று. சென்னையைக் கடற்கரை நகரம் என்கிறோம், ஆனால் பழைய கட்டிடம் எதிலும் கடலோடு சம்பந்தப்பட்டதாக ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கின்றன.

4 ஜனவரி, இரவு

சமாதி இல்லை, வெற்றித்தூணும் இல்லை. அது கலங்கரை விளக்கம். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம். 1844ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி அதில் விளக்கு ஏற்றினார்கள். கிரேக்கக் கோயில் தூண் பாணியில் கருங்கல்லில் கட்டியது, 120 அடிக்கு மேல் உயரம். உச்சியில் விளக்கு இருந்த கூண்டு இப்போது இல்லை. அதனால்தான் பார்ப்பவர்களுக்கு ஏதோ நினைவுச் சின்னம்போலத் தோன்றுகிறது.

இரண்டாவது விஷயத்தில் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன். அதற்கு நிறைய எழுத வேண்டும். நாளை.

5 ஜனவரி, காலை

நேற்று அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். அந்தத் தூண் முதல் கலங்கரை விளக்கம் இல்லை, இரண்டாவது. முதல் விளக்கு 1796இல் ஏற்றப்பட்டது, அதுவும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள். இன்று கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறதே, அந்தக் கட்டிடத்தின் மாடியில். அப்போது அது வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்ச் கட்டிடம். கீழே சரக்கு பேரமும் கப்பல் செய்தியும், மேலே கப்பல்களுக்கு எண்ணெய் விளக்கு. அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்களையும் பீரங்கிகளையும் பார்க்கிறவர்கள் யாரும் தலைக்கு மேலே ஒரு கலங்கரை விளக்கம் இருந்ததை நினைப்பதில்லை. நானும் நாலைந்து முறை போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது விளக்கு எங்கே தெரியுமா? ஹைகோர்ட் கட்டிடத்தின் தலையிலேயே. செம்மண் நிறத்தில் குமிழ் குமிழாகத் தெரியும் கோபுரங்களில் மிக உயரமானது இருக்கிறதல்லவா, தரையிலிருந்து சுமார் 175 அடி, அதன் உச்சிதான். நீதிமன்றம் திறந்தது 1892இல். விளக்கு ஏற்றியது 1894 ஜூன் 1ஆம் தேதி. அதற்குப் பிறகு 80 வருடத்துக்கு மேல், 1977 வரை, கப்பல்கள் சென்னையைக் கண்டுபிடித்தது நீதிமன்றத்தின் உச்சியைப் பார்த்துத்தான்.

நான்காவது, மெரினாவின் தென்கோடியில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது. 1977 ஜனவரியிலிருந்து எரிகிறது. முக்கோண வடிவம், உள்ளே லிஃப்ட் இருக்கிறது. 1991க்குப் பிறகு பொதுமக்களை விடவில்லை. 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள்.

ஆக நாலு விளக்குகள். நாலு கட்டிடங்களும் இன்றும் நிற்கின்றன. ஒரு காலைப்பொழுதில் நாலையும் பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரில் கடல் சம்பந்தமான பழைய கட்டிடமே இல்லை என்று சொன்னால் எனக்கு மனசு ஆறவில்லை.

5 ஜனவரி, மாலை

அந்த நீதிமன்றத் தூணை நான் முதலில் பார்த்தது பள்ளி விடுமுறையில். சித்தப்பாவுக்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அவர் உள்ளே போய்விடுவார், தாத்தாவும் நானும் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். தாத்தா பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். ஊரே அவருக்குக் கப்பல் கணக்குதான். தூணைக் காட்டி, "இது மேல நின்னா அந்தக் காலத்துல அலை தெரியும்டா, இப்ப கிரேன்தான் தெரியும்" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடல் எப்படி நகரும், தாத்தா கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

7 ஜனவரி

தாத்தா விட்டது கதை இல்லை. கேள்வி கேட்டவருக்கான உண்மையான பதிலும் இதில்தான் இருக்கிறது.

கடல் நகர்ந்தது. நகர்த்தியது துறைமுகம்.

துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகள் போய் ஆளையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு அலையைத் தாண்டி வரும். மசூலா படகில் ஆணியே கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி அடிக்கும்போது வளைந்து கொடுக்கும், ஆணி அடித்த படகு என்றால் உடைந்துவிடும். கவர்னராக இருந்தாலும் அதில்தான் கரைக்கு வர வேண்டும். கரை என்றால் கோட்டையின் கிழக்கு மதிலுக்குக் கிட்டத்தில் இருந்த கரை. இன்று அங்கே ராஜாஜி சாலை, அதற்கும் கிழக்கே ரயில் தண்டவாளம், துறைமுக மதில்.

1876இல் துறைமுகத்துக்காக, அலையைத் தடுக்கக் கடலுக்குள் இரண்டு கற்கரைகளைக் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடிகிற நேரத்தில் 1881 நவம்பர் புயல் வந்து சிதைத்துவிட்டது. மறுபடி கட்டி முடிக்க 1890கள் ஆகிவிட்டன. இதற்கிடையில் மணல் வேறு ஒரு வேலை பார்த்தது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வருவதால், மணலை அது வடக்கே தள்ளிக்கொண்டே போகும். குறுக்கே கல் வைத்தால் மணல் அங்கே நின்றுவிடும். அப்படித்தான் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் வருடா வருடம் சேர்ந்து மெரினா அகலமானது. சில இடங்களில் இப்போது 400 மீட்டருக்கு மேல். வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கே கல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் சுண்டல் சாப்பிடுகிற மணல் வடக்கே இருக்கிறவர்களுடைய கரை. எத்தனையோ மீனவர் வீடுகள் அதில் போயிருக்கின்றன. மெரினாவைப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எனவே பழைய கட்டிடங்கள் ரோட்டைப் பார்த்து நிற்கவில்லை. அவை கடலைப் பார்த்துத்தான் நின்றன. ரோடு பிறகு வந்தது. அவற்றைப் பார்க்கப் போகும்போது மனசுக்குள் கடலைப் பழைய இடத்தில் திரும்ப வைத்துவிட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

8 ஜனவரி

உதாரணம் கேட்டிருக்கிறார்கள். ஐஸ் ஹவுஸ்.

இன்று விவேகானந்தர் இல்லம். ஆனால் பஸ் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். 1842இல் கட்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கம் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்து இங்கே அடுக்கி வைத்தார்கள். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் தொழில் இது. கட்டிடம் ஏன் அங்கே என்ற கேள்விக்குப் பதில் எளிது. படகிலிருந்து இறக்கியதும் உள்ளே வைக்க வேண்டும். இன்றைய மணலைத் தாண்டித் தூக்கிவந்தால் பாதி உருகிவிடும். அன்று அலை கிட்டத்தில் இருந்தது.

செயற்கையாகப் பனிக்கட்டி செய்யும் வித்தை வந்ததும் வியாபாரம் படுத்தது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கினார். அவர் வீட்டு விருந்தினராகத்தான் 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். அப்புறம் அரசு வாங்கி, சகோதரி சுப்பலட்சுமியின் முயற்சியில் இளம் விதவைப் பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதியானது. எனக்கு அந்தக் கட்டிடத்தின் வாழ்க்கையில் மிகப் பெரிய பகுதி இதுதான். பத்துப் பன்னிரண்டு வயதில் தாலி அறுத்த பெண்கள் அங்கேயிருந்து பள்ளிக்கூடம் போய் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பனிக்கட்டிக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை.

9 ஜனவரி

"மயிலாப்பூரிலும் கடல் பின்வாங்கியதா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, அங்கே நடந்தது நேர்மாறு. கடல் நகரவில்லை, கபாலீசுவரர் கோயில்தான் நகர்ந்தது. சம்பந்தர் பதிகத்தில் மயிலையில் மாசிக் கடலாட்டு வருகிறது. அருணகிரிநாதர் காலத்திலும் கோயில் கடற்கரையில்தான் இருந்திருக்கிறது, அவர் பாடலில் அலை வருகிறது. போர்ச்சுகீசியர் சாந்தோமில் நிலைகொண்ட பிறகு பழைய கோயில் போய், இன்று குளத்தோடு நாம் பார்க்கும் கபாலீச்சரம் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. சாந்தோம் தேவாலயமும் இன்றைய உருவத்தில் பழசு இல்லை. 1896இல் புதிதாக எழுப்பியது.

மாசி மகத்துக்குச் சாமி கடற்கரைக்கு வந்து போகும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. வீடு மாறினாலும் பழைய தெருவுக்கு ஒரு நடை போய்வருகிற மாதிரி.

9 ஜனவரி, இரவு

கோயில் நகர்ந்தது என்றதும் விட்டுப்போனது ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த ஹைகோர்ட் மனையே பழைய கோயில் மனைதான். சென்னகேசவப் பெருமாள் கோயில் அங்கேதான் இருந்தது. கோட்டையை ஒட்டி ஊர் இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் சுலபமாக நெருங்கிவிட்டார்கள். கோட்டை திரும்பக் கைக்கு வந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் நகரத்தை, அதாவது கோட்டையை ஒட்டி நம்மவர்கள் இருந்த அந்த ஊரை, இடித்துத் தள்ளினார்கள். கோயிலும் 1757இல் போனது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரண்டு கோயில்களையும் அடுத்தடுத்துக் கட்ட வைத்தார்.

இதற்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று எல்லை காட்ட 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். மிஞ்சியிருப்பது ஒன்று. பாரி கட்டிடமான டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிறது. அந்த வக்கீல் குமாஸ்தா இந்தச் சின்னத் தூணைப் பார்த்துச் சமாதி என்றிருந்தால்கூட நியாயம். வடிவம் அப்படித்தான்.

13 ஜனவரி

எம்டன்.

எங்கள் வீட்டில் கெட்டிக்காரப் பையனைத் திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் ஒரே சொல்: "சரியான எம்டன்". அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று கல்லூரிக்கு வந்துதான் தெரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி சுமாருக்குக் கடலில் வந்து நின்று சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஒரு குண்டு ஹைகோர்ட் மதிலில் விழுந்தது. அந்த இடத்தில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

முழுத் தாக்குதலும் அரை மணி நேரத்துக்குள்தான். ஆனால் ஊர் காலியானது. என் கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையோடு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனாள். அந்தக் கைக்குழந்தைதான் தூணைக் காட்டிய தாத்தா. "ரெண்டு மாசத்துல எம்டன் பார்த்தவன்டா நான்" என்பார். தன் வயதை யாரிடமும் வருடத்தில் சொன்னதில்லை, "எம்டன் வருஷம்" என்பார்.

14 ஜனவரி

நேற்றைய குறிப்பில் குண்டு ஹைகோர்ட்டைக் குறிவைத்ததுபோல ஒரு தொனி வந்துவிட்டதாக ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். குறி எண்ணெய்த் தொட்டிகள். மற்றவை சிதறி விழுந்தவை.

16 ஜனவரி

நாளை காணும் பொங்கல். மெரினாவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த ஒரு நாள் மட்டும் மணல் இவ்வளவு அகலமாக இருப்பதில் எனக்கும் வருத்தமில்லை. அந்த நடைபாதைக்கு மெரினா என்று 1884இல் பெயர் வைத்தவர் கவர்னர் கிரான்ட் டஃப். சிசிலித் தீவில் பார்த்த கடற்கரை ஞாபகமாம்.

21 ஜனவரி

இது கொஞ்சம் நீளும். கடல் இந்தக் கட்டிடங்களுக்கு எதிரே மட்டும் இருந்தது என்ற மாதிரி இவ்வளவு நாள் எழுதிவிட்டேன். அது சுவருக்குள்ளேயும் இருக்கிறது.

மெட்ராஸ் சுண்ணாம்பு என்று அந்தக் காலத்தில் பெயர்பெற்றது கிளிஞ்சல் சுண்ணாம்பு. கழிமுகத்திலும் கரையிலும் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, பொடி மணலோடு அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்ப்பார்கள். சலவைக்கல் மாதிரி மின்னும், தொட்டால் சில்லென்று இருக்கும். எழும்பூர் ரயில் நிலையத்துக்குக் கிட்டே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் தூண்களைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். 1821இல் கட்டியது. அதன் அடித்தளமும் கடற்கரை ஊருக்கென்றே யோசித்தது. ஈர மண் கட்டிடத்தைத் தாங்காது என்று நூற்றுக்கு மேற்பட்ட உறைகிணறுகளை இறக்கி அவற்றின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். நம் குயவர்கள் செய்த உறை, நம் ஊர்க் கிணறு வெட்டுகிற முறை. வெள்ளைக்கார இன்ஜினியர் அதை மதித்து எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டை நாங்களே கெடுத்தோம். மண்ணடிப் பக்கம் தாத்தா வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு உத்திரம், குறுக்குக் கட்டைகள், அதன் மேல் மெல்லிய செங்கலைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்ட தளம், மேலே தட்டோடு. கோடையில் கீழே உட்கார்ந்தால் வெயில் தெரியாது. சுவரில் பூச்சு உதிர ஆரம்பித்ததும் அப்பா ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமென்ட் பூசச் சொன்னார். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு உள்ளேயே பூத்துச் செங்கலை மாவாக்குகிறது. சுவரிலிருந்த ஈரம் உத்திரத்தின் முனைக்குப் போனது. தேக்குதான், ஆனாலும் சுவருக்குள் செருகிய ஒரு சாண் முனை உளுத்துவிட்டது. கூரை ஒரு பக்கம் இறங்கியது.

வீட்டை விற்றுவிட்டோம். இப்போது அங்கே ஐந்து மாடி. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லித்தர யாரும் இல்லை. ஆனால் நகரத்தில் எந்தப் பழைய கட்டிடத்தின் சுவரிலும் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகச் சிமென்ட் ஒட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மாட்டிக்கொண்டிருக்கிற ஈரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள். கூலி அதிகம், நாள் அதிகம் பிடிக்கும். பரவாயில்லை.

22 ஜனவரி

"வயசான கட்டிடத்தையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது, இடத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது" என்று ஒரு நண்பர். நியாயமான கேள்வி. வைத்துக்கொண்டு புழங்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டி வைத்தால் எந்தச் சுவரும் நிற்காது. ஹைகோர்ட்டில் தினமும் வழக்கு நடக்கிறது, ரிப்பன் கட்டிடத்தில் 1913 முதல் மாநகராட்சி நடக்கிறது, எழும்பூரில் 1908 முதல் ரயில் வந்துபோகிறது. மெரினாவில் டிஜிபி ஆபீஸ் 1839இல் மேசன் சங்கத்துக்காரர்கள் கட்டியது. 1990களில் இடிக்கப் பார்த்தார்கள், வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். இன்றும் அதில் காவல்துறை வேலை நடக்கிறது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போன பிறகு அதைப் பார்க்காத தலைமுறைக்கு வெறும் பெயர்தான் மிச்சம்.

சேப்பாக்கம் அரண்மனையைப் பற்றித் தனியாக எழுத ஆசை. ஆற்காட்டு நவாபுக்கு 1768இல் கட்டியது. கடலைப் பார்க்க வேண்டிய அரண்மனைக்கு முன்னால் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டிடம் நிற்கிறது. பீச் ரோட்டில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

28 ஜனவரி

நேற்று மெரினா கலங்கரை விளக்கத்தின் மேலே போனேன். மாலை வெயில். பார்வையாளர் தளத்திலிருந்து வடக்கே ஐஸ் ஹவுஸின் வளைவு, பிறகு மரங்களுக்கு மேல் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கோபுரங்கள், தூரத்தில் மங்கலாகத் துறைமுகப் பளுதூக்கிகள். ஹைகோர்ட் கோபுரத்தைத் தேடினேன். இருக்கிறது என்று நினைத்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அதுவா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அவள் அப்பாவிடம், "அலை ஏன் இவ்ளோ தூரத்துல இருக்கு?" என்றாள். அவர் கூட்டத்தைக் காட்டி ஏதோ சொன்னார். நான் குறுக்கிட்டுத் துறைமுகக் கதையைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள்.

30 ஜனவரி

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அம்மாவிடம் கலங்கரை விளக்கம் என்று சொன்னாராம். "அப்போ கடல் எங்கே?" என்று அம்மா உடனே கேட்டாராம். அம்மாவையும் அழைத்து வாருங்கள்.

பிப்ரவரி 4, ஞாயிறு, காலை 6 மணி. மெரினா கலங்கரை விளக்கத்தின் எதிரே கூடுவோம். ஐஸ் ஹவுஸ், சேப்பாக்கம், நேப்பியர் பாலம், கோட்டை, பாரிமுனை என்று வடக்கே நடை. ஞாயிறு என்பதால் ஹைகோர்ட்டுக்குள் விடமாட்டார்கள், தூணை வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். கோட்டைக்குள் போக அடையாள அட்டை கட்டாயம் கொண்டுவாருங்கள். அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டால் நேராகப் பாரிமுனைக்கு எட்டரை மணிக்கு வந்தால் போதும், டேர் ஹவுஸ் வாசலில் இருப்போம்.